பெட்டியைக் கழற்றிய பிறகு பிளக் எங்கே கிடக்கிறது?

கரும்பை வெட்டச் சொல்லி ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வந்த அன்று சாயங்காலம் மச்சான் வீட்டில் இருந்தேன். விழுப்புரம் பக்கத்துக் கிராமம். சித்திரையில் கழற்றிவிட்ட டிராக்டர் பெட்டி, முட்டுக்கல்லில் மூக்கை ஊன்றிக்கொண்டு ஏழெட்டு மாதமாகப் புளியமரத்தடியில் நின்றது. டிராக்டரை ரிவர்ஸில் கொண்டுவந்து கொக்கியை மாட்ட ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. லைட் வயரைத் தேடத்தான் நேரம் பிடித்தது. பெட்டியின் முன்பக்கத்திலிருந்து தொங்கி, சருகுக்குள் புதைந்து கிடந்தது அது. இழுத்தால் நடுவில் ஒரு முழத்துக்கு மேல்தோலே இல்லை, எலி தின்றிருந்தது. நுனியிலிருந்த ஏழு பின் பிளக்கைத் திருப்பிப் பார்த்தால், உள்ளே குளவி மண்கூடு கட்டியிருக்கிறது. குச்சியால் கிளறி எடுத்தபின் தெரிந்த பித்தளை முனைகள், புளி போட்டுத் தேய்க்காத குத்துவிளக்குபோல் பச்சைக் களிம்பு பூத்திருந்தன.

வந்து பார்த்த எலக்ட்ரீஷியன் தம்பி கையை விரித்தார். "அண்ணே, புதுசா வயர் இழுக்கணும். சீசன் நேரம், ரெண்டு நாள் ஆவும். இப்போதைக்குப் பின்னால சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிட்டு ஓட்டுங்க, யாரு கேக்கப் போறா?"

மச்சான் என்னைப் பார்த்தார். ஆர்டரில் போட்ட தேதிக்குள் கரும்பு ஆலைக்குப் போயாக வேண்டும். வெட்டுக்கு ஆள் வந்துவிட்டது. இந்த இக்கட்டில் இருக்கும் எந்த விவசாயியும் ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டு கிளம்பத்தான் நினைப்பார். கரும்பு லோடு, நெல் மூட்டை, செங்கல், எம்சாண்ட் என்று இருட்டில் பின்விளக்கு இல்லாமல் நம் ஊர்ச் சாலைகளில் நகரும் பெட்டிகளில் பல, இப்படி ஒரு சாயங்காலத்தில் கிளம்பியவைதான். பெட்டியின் விளக்கு சாலையில் ஓடும்போது சாவதில்லை. ஓடாமல் நிற்கும் மாதங்களில், யாரும் பார்க்காதபோது செத்துப்போகிறது.

டிராக்டருக்கு ஷெட் உண்டு, தார்ப்பாய் உண்டு, ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் உண்டு. பெட்டி எங்காவது களத்துமேட்டில் வெயிலிலும் மழையிலும் கிடக்கும். அதிலும் அந்த வயர் யார் கணக்கிலும் வராத அனாதை. எது அதைக் கெடுக்கிறது என்று தெரிந்துகொண்டால் காப்பாற்றுவது சுலபம்.

முதல் எதிரி ஈரம். பிளக்கின் வாய் மேல்நோக்கிக் கிடந்தால் அது ஒரு கிண்ணம், மழைத் தண்ணீர் தேங்கும். தரையில் கிடந்தால் மண்ணின் ஈரத்தை உறிஞ்சும். செம்பிலும் பித்தளையிலும் படியும் களிம்பு மின்சாரத்தைத் தடுக்கும் பூச்சு. பெட்டியில் எரு ஏற்றியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். சாணத்திலிருந்து வரும் அமோனியா பித்தளையை அரிக்கக்கூடியது. பொட்டாஷ் மூட்டை ஏற்றியிருந்தால் அது உப்புவகை, காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். எரு அடித்த பெட்டியைக் கழுவும்போது பிளக்கையும் விளக்குகளையும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, காயவைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

அடுத்தது எலி. வைக்கோல் போர், நெல் குதிர், மாட்டுத் தொழுவம் பக்கத்தில் நிறுத்திய பெட்டியின் வயரை எலி விட்டுவைக்காது. பெட்டியின் அடிச்சட்டத்தில் திறந்த குழாய் வழியே வயர் போனால், அந்தக் குழாயே எலிக்கு வீடு.

மூன்றாவது எதிரி மனிதன். கொக்கியைக் கழற்றும் அவசரத்தில் பிளக்கை மறந்துவிட்டு டிராக்டரை முன்னே எடுப்பார்கள். பட்டென்று பிய்ந்துவிடும். பிய்ந்த இடத்தில் வயரை முறுக்கி டேப் சுற்றுவார்கள். அடுத்த மழைக்கு அந்த முறுக்கிலும் களிம்பு ஏறும். அதனால் கழற்றும்போது முதலில் பிளக், பிறகு கொக்கி. மாட்டும்போது முதலில் கொக்கி, கடைசியில் பிளக்.

டிராக்டர் பக்கத்து சாக்கெட்டையும் மறந்துவிடக் கூடாது. பெட்டியில்லாத மாதங்களில் டிராக்டர் சும்மா நிற்பதில்லை. கேஜ் வீல் மாட்டிச் சேற்றில் இறங்குகிறது. வண்டிக்குப் பின்னால் தெறிக்கும் சேறு நேராக அந்த சாக்கெட்டுக்குள்தான் போகும். அதற்கென்று ஸ்பிரிங் வைத்த மூடி உண்டு, ஆனால் வாங்கிய வண்டியில் முதலில் உடைவதும் அந்த மூடிதான். லைட் சுவிட்ச் போட்டால் சாக்கெட்டில் கரண்ட் இருக்கும். ஈரச்சேறு இரண்டு முனைகளைச் சேர்த்துவிட்டால் ஷார்ட். ஃபியூஸ் போய், டிராக்டரின் சொந்த விளக்கே அணையலாம். அந்த ஃபியூஸ் இருந்த இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றிவைக்கும் கைவேலை நம் ஊரில் சாதாரணம். அப்போது ஃபியூஸுக்குப் பதில் வயரே பழுத்து உருகும். பக்கத்தில் டீசல் டேங்க் இருப்பதை யாரும் நினைப்பதில்லை.

இன்னொரு தவறையும் பார்த்திருக்கிறேன். டிராக்டரில் முள் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியையும், பெட்டியில் ஓட்டையுள்ள பகுதியையும் மாற்றி மாட்டியிருப்பார்கள். கரண்ட் வரும் பக்கம் எப்போதும் ஓட்டையாக இருக்க வேண்டும். வீட்டுச் சுவரில் பிளக் பாயிண்ட் ஏன் ஓட்டையாக இருக்கிறதோ, அதே காரணம்தான்.

நிறுத்திவைக்கும் முறை

மச்சானுக்கு நான் சொன்ன வழி பெரிய வித்தையல்ல. ஆட்டோ எலக்ட்ரிகல் கடையில் மூடியுள்ள ஒரு காலி சாக்கெட் வாங்கி, பெட்டியின் முன்சட்டத்தில், கொக்கிக்குச் சற்று மேலே, வாய் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும்படி முடுக்கிவிட வேண்டும். அதற்கு வயரிங் எதுவும் வேண்டாம். பெட்டியைக் கழற்றியதும் பிளக் அதில் போய் உட்காரும். தரையில் கிடக்காது, மழை இறங்காது, குளவி புகாது. மிச்ச வயரைப் பெரிய வளையமாகச் சுற்றி, தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் ஒரு கொக்கியில் மாட்டலாம். இறுக்கி மடிக்கக் கூடாது. மடிப்பில் உள்கம்பி இழை இழையாக அறுந்துபோகும், வெளியே தோல் நன்றாகவே தெரியும்.

சாக்கெட் வாங்க நேரமில்லையா? குடிதண்ணீர் பாட்டிலைக் குறுக்கே வெட்டி, மேல்பாதியைத் தொப்பிபோல் பிளக் மேல் கவிழ்த்து, கழுத்து வழியே வயரை விட்டுத் தொங்கவிடலாம். பாலித்தீன் பையில் போட்டு ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டுவதுதான் நம் வழக்கம், அதைத் தவிர்ப்பது நல்லது. பகல் சூட்டில் உள்ளே வியர்த்து, ராத்திரி அந்த ஈரம் முனைகளிலேயே படியும். காப்பாற்றுவதாக நினைத்து ஊறப்போடுகிறோம்.

நிறுத்தும் முன் முனைகளை ஜீரோ நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, மெல்லிய பூச்சாக வேஸ்லின் தடவலாம். வண்டிக்குப் போடும் கிரீஸ் வேண்டாம், அது மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வயர் முழுக்க ஃப்ளெக்ஸிபிள் குழாய் போட்டு, குழாயின் இரண்டு நுனியையும் டேப்பால் அடைத்தால் எலிக்கு வழி குறையும். மாதம் ஒருமுறை டிராக்டரை அருகில் கொண்டுவந்து பிளக்கை மாட்டி, எல்லா விளக்கையும் ஒரு தடவை போட்டுப் பார்த்தால் சீசன் அன்று அதிர்ச்சி இருக்காது.

அப்படிப் பார்க்கும்போது ஒரு அறிகுறியைக் கவனியுங்கள். இண்டிகேட்டர் போட்டால் ஒரு பக்கம் மின்னாமல், இரண்டு பக்கத்து விளக்குகளும் சேர்ந்து மங்கலாகக் கண் சிமிட்டினால் பல்பை மாற்றாதீர்கள். எர்த் போயிருக்கிறது. திரும்பிப் போக வழியில்லாத கரண்ட், மற்ற பல்புகள் வழியே வழி தேடுகிறது. பிளக்கின் 3-ஆம் எண் முனைதான் வழக்கமாக எர்த். "கொக்கி இரும்புதானே, அதுவே எர்த் ஆகும்" என்று அந்த வயரை மட்டும் விட்டுவிடுபவர்கள் உண்டு. கிரீஸும் துருவும் ஏறிய கொக்கி, ஓடும்போது தொட்டும் தொடாமலும் ஆடிக்கொண்டிருக்கும். அதை நம்பி விளக்கு எரியாது.

கரும்பு லோடுக்கு இன்னொரு சிக்கல். விளக்கு நன்றாகவே எரியும், ஆனால் பெட்டியைத் தாண்டித் தொங்கும் தோகை அதை மூடிவிடும். ஐரோப்பாவில் சிறு டிரெய்லர்களுக்குக் கழற்றி மாட்டும் விளக்குப் பலகை வைத்திருக்கிறார்கள். பலகையில் இரண்டு விளக்கு, நம்பர் பிளேட், ஒரு நீள வயர். லோடின் கடைசி நுனியில் கட்டிவிட்டு, வேலை முடிந்ததும் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் மாட்டிவிடலாம். எந்த வெல்டிங் பட்டறையிலும் செய்யக்கூடியது. மழையும் எலியும் அதைத் தொடாது.

'தெரியாது' என்று சொல்ல முடியாது

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 'மோட்டார் வாகனம்' என்ற சொல்லுக்குள்ளேயே டிரெய்லரும், அதாவது நம் பெட்டியும் அடங்கும். பெட்டிக்கு இன்ஜின் இல்லை, அதனால் சட்டம் இல்லை என்று நினைப்பது தவறு. பின்விளக்குக்கு 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் ஒரு தூரத்தையே சொல்கின்றன: சிவப்பு விளக்கு 155 மீட்டரிலிருந்து தெரிய வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பைக்குக்கு அந்த 155 மீட்டர் என்பது ஒன்பது வினாடிக்குச் சற்று மேல். விளக்கில்லாத பெட்டி, பைக்கின் டிம் வெளிச்சத்தில் முப்பது நாற்பது மீட்டரில்தான் உருவமாகத் தெரியும். இரண்டு வினாடி. எதிரில் ஒரு பஸ் ஹைபீமில் வந்தால் அதுவும் இல்லை.

சட்டத்தின் 190-ஆவது பிரிவைப் படித்தபோது, புளியமரத்தடியில் கிடந்த அந்த பிளக்கைப் பார்த்துத்தான் எழுதினார்களோ என்று தோன்றியது. ஆபத்தை உண்டாக்கும் குறையுள்ள வாகனத்தையோ டிரெய்லரையோ பொதுஇடத்தில் ஓட்டுபவர் மட்டுமல்ல, ஓட்டச் செய்பவரும் ஓட்ட அனுமதிப்பவரும் குற்றவாளி. குறை தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை, சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் தெரிந்திருக்கக்கூடிய குறை என்றாலே போதும். அபராதம் 1,500 ரூபாய். அந்தக் குறையால் விபத்து நடந்து காயமோ சேதமோ ஏற்பட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். உயிர் போனால் கதை வேறு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவில், கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் ஐந்து ஆண்டு வரை சிறை.

இதில் முதலில் மாட்டுவது யார்? ஸ்டியரிங் பிடித்தவர். தினக்கூலிக்கு டிராக்டர் ஓட்டும் பையனிடம் "மெதுவா போய்ட்டு வந்துடுடா" என்று அனுப்பிவிட்டு முதலாளி படுத்துவிடுவார். லைட் இல்லாத பெட்டியை இருட்டில் எடுக்க மாட்டேன் என்று டிரைவர் சொன்னால் அது திமிர் அல்ல. வயர் பிய்ந்திருப்பதை முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து அனுப்பிவைப்பது, பின்னாளில் டிரைவருக்கு இருக்கும் ஒரே சாட்சியாகக்கூட ஆகலாம்.

அடுத்தது இன்சூரன்ஸ். உங்கள் டிராக்டர் பாலிசியை இப்போதே எடுத்துப் பாருங்கள். டிரெய்லர் என்ற இடத்தில் உங்கள் பெட்டியின் பதிவெண் இருக்கிறதா? பல பாலிசிகளில் அந்தக் கட்டம் காலி. டிராக்டருக்குக் கட்டியது பெட்டிக்கும் சேரும் என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். உச்ச நீதிமன்றம் 2007-இல் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. செங்கல் சூளைக்கு மண் ஏற்றிப்போன பெட்டியிலிருந்து விழுந்த தொழிலாளி இழப்பீடு கேட்டார். டிராக்டருக்கு விவசாய வேலைக்கு மட்டும் இன்சூரன்ஸ், பெட்டிக்கு இன்சூரன்ஸே இல்லை. கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்றது நீதிமன்றம். ஆனாலும் அந்தத் தொழிலாளியின் நிலையைப் பார்த்து, முதலில் கம்பெனி பணத்தைக் கொடுக்கட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று தனது சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தியது. அந்த வசூல் கடைசியில் நிலத்தின் பத்திரம் வரை வரும். விவசாயத்துக்கு என்று பதிந்த பெட்டியில் வாடகைக்கு செங்கல் ஏற்றுகிறவர்களும், கல்யாணத்துக்கு ஆள் ஏற்றுகிறவர்களும் இதை இரண்டு தடவை படிக்கலாம்.

இன்சூரன்ஸ் சரியாக இருந்தும் கம்பெனி காரணமில்லாமல் க்ளெய்மைத் தள்ளினால், முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

"பின்னால் வந்து இடித்தவன் மேல்தான் தப்பு"

டீக்கடையிலிருந்து சில போலீஸ் ஸ்டேஷன் வரை கேட்கும் தீர்ப்பு இது. இருட்டில் நின்றிருந்த பெட்டியில் மோதி, கால் உடைந்து கிடப்பவரிடமே இதைச் சொல்லி, "கேஸெல்லாம் வேணாம், ஆஸ்பத்திரி செலவுக்கு ஏதாவது வாங்கிக்கோ" என்று முடித்துவிடுவார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. சாலை நடுவில் பார்க்கிங் லைட் இல்லாமல் நின்ற டேங்கர் லாரியில் ராத்திரி கார் மோதிய வழக்கில், கார் ஓட்டியவர் மேலும் பாதித் தவறு என்று உயர் நீதிமன்றம் இழப்பீட்டைக் குறைத்திருந்தது. 2018-இல் உச்ச நீதிமன்றம் அந்தக் குறைப்பை நீக்கியது. 2024-இலும், நெடுஞ்சாலை நடுவில் எச்சரிக்கை விளக்கின்றி நின்ற டிரெய்லர் லாரி வழக்கில் இதேபோல் முழுத் தவறும் லாரிப் பக்கம்தான் என்றது. ஒவ்வொரு வழக்கும் அதன் சாட்சியங்களைப் பொறுத்தது என்பது உண்மை. அதனால்தான் சாட்சியம் முக்கியம்.

விபத்து நடந்த அன்றே, அதே இருட்டில், பெட்டியின் பின்பக்கத்தை போட்டோவும் வீடியோவும் எடுக்கச் சொல்லுங்கள். விளக்கு எரிகிறதா, பிளக் சாக்கெட்டில் இருக்கிறதா, வயர் எங்கே தொங்குகிறது, ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் உண்டா என்பதெல்லாம் அதில் தெரிய வேண்டும். மறுநாள் காலையில் புது வயரும் புது பல்பும் முளைத்துவிட்ட கதைகள் உண்டு. முதல் தகவல் அறிக்கையில் 'பின்விளக்கு எரியவில்லை' என்ற வார்த்தை வரும்படி புகாரில் எழுதுங்கள். புகார் கொடுத்தவருக்கு அதன் நகல் இலவசம். வண்டியைச் சோதிக்கும் மோட்டார் வாகன ஆய்வாளரின், அதாவது ஊரில் சொல்லும் பிரேக் இன்ஸ்பெக்டரின் அறிக்கையில் டிராக்டர் மட்டுமில்லாமல் பெட்டியும் சோதிக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

சிகிச்சைக்குப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், தமிழ்நாட்டில் நடக்கும் சாலை விபத்துகளுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, பட்டியலிலுள்ள தனியார் மருத்துவமனைகளிலும் இலவசம். எந்த ஊர்க்காரர், காப்பீட்டு கார்டு இருக்கிறதா என்று கேட்க மாட்டார்கள்.

இழப்பீட்டுக்கு இரண்டு வழி. யார் தவறு என்று நிரூபிக்காமலே, மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆவது பிரிவில் மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம். தவறை நிரூபித்து, சம்பளம், வயது, ஊனத்தின் அளவு எல்லாம் கணக்கிட்டு முழு இழப்பீடு கேட்பது 166-ஆவது பிரிவு. விபத்து நடந்த ஊரிலேயே வழக்குப் போட வேண்டும் என்பதில்லை, நீங்கள் வசிக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலேயே போடலாம். 2022 ஏப்ரல் முதல், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. அது செல்லுமா என்பது உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. போயிருக்கட்டும், நீங்கள் ஆறு மாதத்துக்குள்ளேயே போட்டுவிடுங்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே வந்து நின்று, "வர்ற பணத்துல இத்தனை பர்சன்ட் கொடுங்க, மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்று வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்பவர்களிடம் ஜாக்கிரதை. வெற்றிபெறும் தொகையில் பங்கு என்று வக்கீல் பேசுவதே பார் கவுன்சில் விதிகளுக்கு விரோதம். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோருக்கு சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். 15100 என்ற எண்ணுக்கு அழைக்கலாம், அல்லது தாலுகா கோர்ட் வளாகத்திலேயே விசாரிக்கலாம்.

பெட்டிக்காரருக்கும் ஒரு உரிமை உண்டு. புது வயரிங் போட்டு மாதம் திரும்புவதற்குள் கருகினாலோ, 'ஒரிஜினல்' என்று விற்ற விளக்கில் முதல் மழைக்கே தண்ணீர் புகுந்தாலோ, விதி என்று விட வேண்டியதில்லை. பில் வாங்கியிருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமே கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். துண்டுச்சீட்டு பில் ஆகாது, கடையின் பெயரும் தேதியும் இருக்கும் பில் கேளுங்கள்.

மச்சான் அன்று ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு கிளம்பவில்லை. முதல் இரண்டு நடையைப் பகலிலேயே முடித்தார், அதற்கு வெட்டு ஆட்களிடம் விடிகாலையில் இறங்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் எலக்ட்ரீஷியன் தம்பி வந்து புது வயர் இழுத்தார். பழைய பிளக்கைத் தூக்கிப்போடப் போனவரைத் தடுத்து நான் வாங்கி வைத்திருக்கிறேன். குளவிக் கூட்டின் பாதி இன்னும் அதற்குள் ஒட்டிக்கொண்டிருக்கிறது.